எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள், கெட்ட வாடை மட்டும் போகவில்லை: எந்த நிபுணரிடம் போவது?

முதலில் நீங்கள் எழுதியதைச் சுருக்கித் திரும்பச் சொல்லிவிடுகிறேன், நான் புரிந்துகொண்டது சரியா பாருங்கள். இரண்டு வருடமாக வலது பக்க மேல் கடைவாயில் மந்தமான வலி, வரும், போகும். அதே பக்க மூக்கில் மட்டும் அடைப்பு, அவ்வப்போது தொண்டைக்குள் கெட்ட வாடையோடு ஏதோ இறங்குகிறது. அந்தப் பக்கம் ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் செய்து கேப் போட்டிருக்கிறார்கள். நான்கு பல் மருத்துவர்கள், ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர், ஐந்து முறை ஆன்டிபயாட்டிக். மாத்திரை சாப்பிடும்போது அடங்குகிறது, நிறுத்திய சில வாரத்தில் திரும்ப வருகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று எல்லாரும் சொல்ல, கடைசியாகப் பார்த்தவர் மன அழுத்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். உங்கள் கேள்வி மூன்று: யாரிடம் போவது, இது பல்லா சைனஸா, பேசாமல் அந்தப் பல்லைப் பிடுங்கிவிடலாமா?

நான் பல வருடமாக வேர் சிகிச்சை மட்டும் செய்து வருகிற பல் மருத்துவன். உங்கள் வாயைப் பார்க்காமல் இது இன்ன நோய் என்று சொல்ல என்னால் முடியாது, சொல்லவும் மாட்டேன். யாரிடம் போக வேண்டும், அவர் சரியான ஆள்தானா என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது, இதை மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

அதற்கு முன்னால் ஒன்று. முகமோ தாடையோ திடீரென்று வீங்கினால், வாயைத் திறக்க முடியாமல் போனால், எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தால், நாக்குக்குக் கீழே தடித்து மேலெழும்பினால், கண்ணைச் சுற்றி வீங்கிப் பார்வை மங்கினால், காய்ச்சலோடு மூச்சு விடச் சிரமமாக இருந்தால், எந்த நிபுணர் என்று தேடிக்கொண்டிருக்காமல் நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பல்லில் தொடங்கிய சீழ் தாடைக்கு அடியில் பரவி மூச்சுக்குழாயை நெருக்குவதை 1836-இலேயே லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்திருக்கிறார், இன்றும் அதில் ஆட்கள் சாகிறார்கள். இந்த அறிகுறிகளை நீங்கள் சொல்லவில்லை, அதனால் உங்களுக்கு யோசித்துச் செய்ய நேரம் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: எண்டோடான்டிஸ்ட். தமிழில் வேர் சிகிச்சை நிபுணர். பல் மருத்துவப் படிப்பை முடித்த பிறகு பற்கூழ் (பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் மென்சதை), வேர், வேர்நுனியைச் சுற்றிய எலும்பு இவற்றை மட்டும் மேற்கொண்டு இரண்டு மூன்று வருடம் படித்தவர். ரூட் கெனால் எல்லாப் பல் மருத்துவர்களும் செய்வார்கள், பலர் நன்றாகவே செய்வார்கள், அதனால் "நான் ரூட் கெனால் செய்கிறவர்களிடம்தானே போனேன், இவர் மட்டும் என்ன புதிதாகச் செய்யப்போகிறார்" என்று உங்களுக்குத் தோன்றலாம். பெரிய வித்தியாசம் கையில் இல்லை, கண்டுபிடிப்பதில் இருக்கிறது. மற்றவர்கள் வேர் சிகிச்சை முடித்து அனுப்பிய பற்கள் ஏன் அடங்கவில்லை என்று பார்ப்பதே எங்கள் அன்றாட வேலையில் பாதி.

ஆனால் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்துப் போகாதீர்கள். இரண்டு வருடமாக இத்தனை பேரிடம் போயும் ஒரு கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை: எந்தப் பல்? "அந்தப் பக்கம்" என்கிறீர்கள், "கேப் போட்ட பல்லாக இருக்கலாம்" என்கிறீர்கள், ஆனால் இந்தப் பல்தான், இன்ன சோதனையில் இப்படித் தெரிந்தது என்று எவரும் உங்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. நீங்கள் தேட வேண்டியது இந்தக் கேள்வியை முதலில் கேட்கிற ஆளைத்தான். பல் எது என்று உறுதியாகும் முன்பே மருந்துச் சீட்டையோ துரப்பணத்தையோ கையில் எடுக்கிறவர், எவ்வளவு பெரிய பட்டம் வைத்திருந்தாலும், உங்களுக்குரிய ஆள் இல்லை.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று பார்ப்போம், ஏனென்றால் இரண்டு வருடம் வீணானது இந்த இடத்தில்தான். 1961-இல் பெண்டர், செல்ட்ஸர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தாடை எலும்பில் செயற்கையாகக் குழி தோண்டி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். எலும்பின் உட்புறம் கடற்பஞ்சு மாதிரி துளைதுளையாக இருக்கும், வெளிப்புறம் கெட்டியான ஓடு. உள்ளே பஞ்சுப் பகுதியில் மட்டும் குழி இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியவே இல்லை, அந்த ஓடும் அரிக்கப்பட்ட பிறகுதான் கறுப்பு நிழல் தெளிவாக விழுந்தது. எலும்பிலுள்ள தாதுச்சத்தில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகே படத்தில் தெரியும் என்று மாணவர்களுக்கு நாங்கள் சொல்லித்தருவது இதிலிருந்து வளர்ந்ததுதான். அதாவது படம் சுத்தமாக இருக்கிறது என்றால் நோய் இல்லை என்று பொருளில்லை, படத்தில் விழும் அளவுக்கு இன்னும் அரிக்கவில்லை, அல்லது விழுந்ததை வேறு ஏதோ மறைக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்குத் தொல்லை மேல் கடைவாயில். அது எக்ஸ்ரேக்கு மிக மோசமான இடம், மூன்று வேர்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும், அவற்றின்மேல் கன்ன எலும்பின் நிழல் விழும், சைனஸின் அடிக்கோடும் அதே இடத்தில் ஓடும். முழு வாயையும் ஒரே படமாக எடுக்கிற ஓபிஜியை வைத்து அந்த இடத்தில் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவது, மாடியில் நின்று தெருவில் விழுந்த ஊசியைத் தேடிவிட்டு ஊசியே இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

நான்கு மருத்துவர்களையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒவ்வொருவரிடமும் நீங்கள் பத்து இருபது நிமிடம் இருந்திருப்பீர்கள், போன நாளில் வலி மந்தமாகத்தான் இருந்திருக்கும், முன்னவர் எடுத்த படத்தையே அடுத்தவரும் பார்த்திருப்பார்.

நல்ல நிபுணர் படத்துக்கு முன்னால் கையால் பார்ப்பார். அந்தப் பக்கத்தில் ஒரு பல்லை மட்டும் பார்க்காமல் முன்னும் பின்னும் உள்ளவற்றையும், சில நேரம் கீழ்த்தாடைப் பற்களையும் சேர்த்துப் பார்ப்பார், ஏனென்றால் பல்வலி பொய் சொல்லும்: மேல் பல்லின் வலி கீழ்ப் பல்லில் தெரியும், கீழ்ப் பல்லின் வலி காதில் தெரியும். குளிர்ச்சியான பஞ்சை ஒவ்வொரு பல்லிலும் வைத்து, உணர்ச்சி வருகிறதா, வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்பார். பல் உயிரோடு இருந்தால் சுரீர் என்று வந்து உடனே போய்விடும், உள்ளே அழுகிச் செத்திருந்தால் ஒன்றுமே தெரியாது. ரூட் கெனால் செய்த பல்லில் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை, நரம்பை ஏற்கெனவே எடுத்துவிட்டார்களே. ஆனால் பக்கத்துப் பற்களில் ஏதாவது சத்தமில்லாமல் செத்துப்போயிருக்கிறதா என்பது இதில்தான் தெரியும், பல தடவை குற்றவாளி அப்படிப்பட்ட ஒரு அப்பாவிப் பல்தான். அப்புறம் கண்ணாடியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லையும் தட்டுவார், ஈறின்மேல் வேர்நுனி இருக்கும் இடத்தை விரலால் அழுத்துவார், பல்லின் ஒவ்வொரு முகட்டிலும் தனித்தனியாக ஒரு சிறு துண்டை வைத்துக் கடிக்கச் சொல்வார். கடிக்கும்போது வலிக்காமல் கடியை விடும்போது சுருக்கென்று வலித்தால் விரிசல் என்று சந்தேகப்பட வேண்டும். மெல்லிய அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டுச் சுற்றிலும் அளப்பார். எல்லா இடத்திலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருந்து, ஒரே ஒரு குறுகிய இடத்தில் மட்டும் எட்டு பத்து என்று ஆழமாக இறங்கினால், வேர் நெடுக்காகப் பிளந்திருக்கலாம் என்பது என் மனதில் முதலில் வரும்.

இத்தனைக்கும் பிறகும் குழப்பம் தீரவில்லை என்றால் மரப்பு ஊசி போட்டுப் பார்க்கலாம். வலி இருக்கும் நேரத்தில் ஒரு பல்லைச் சுற்றி மட்டும் மரத்துப்போகச் செய்து வலி போகிறதா என்று பார்ப்பது. முழுதாகப் போனால் மூலம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது, அந்த இடமே மரத்துப் போன பிறகும் வலி அப்படியே இருந்தால் மூலம் வேறெங்கோ இருக்கிறது. இதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம், முடிந்தால் வலி இருக்கும் நாளில் வாருங்கள், வருவதற்கு முன் வலி மாத்திரை போடாதீர்கள் என்று சொல்வேன். வலியில்லாத நாளில் வந்தால் பாதிச் சோதனைகள் பேசாது.

ஈறில் எங்காவது சின்னப் பரு மாதிரி வந்து உடைந்து, உப்புக் கரிக்கிற ஏதோ வடிந்து, திரும்ப மூடிக்கொண்டிருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். அது சீழ் வெளியேறும் வழி. அதற்குள் நூல் மாதிரி மெல்லிய ரப்பர் குச்சி ஒன்றை விட்டு எக்ஸ்ரே எடுத்தால், குச்சி போய் நிற்கும் இடம் குற்றவாளியின் வேர்நுனி. இவ்வளவு எளிய, மலிவான சோதனை வேறில்லை, ஆனாலும் பரு அடங்கியிருக்கும் நாளில் போனால் பருவே யார் கண்ணிலும் படாது, அதனால் வந்தால் அன்றே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சிலருக்கு இந்த வழி வாய்க்குள் திறக்காமல் தாடையிலோ கன்னத்திலோ தோலில் திறக்கும், அவர்கள் தோல் மருத்துவரிடம் போய்க் கட்டி என்று வெட்டி எடுத்து, அது மறுபடி மறுபடி வந்து, கடைசியில் ஒரு கீழ்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்த ஒரு சில வாரத்தில் தானாக ஆறிவிடும்.

அடுத்து சிபிசிடி. பல்லுக்கென்று எடுக்கிற முப்பரிமாண ஸ்கேன். உங்கள் விஷயத்தில் இது அநேகமாகத் தேவைப்படும். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: முழுத் தாடைக்கும் எடுத்தால் நுணுக்கம் குறையும், கதிர்வீச்சும் கூடும். சந்தேகப்படுகிற மூன்று நான்கு பற்களை மட்டும் உள்ளடக்கிய சிறிய பரப்பில், அதிக நுணுக்கத்தில் எடுக்கச் சொல்ல வேண்டும். 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்க முடிகிற கருவிகள் இருக்கின்றன. எடுத்த பிறகு அச்சிட்ட நாலு படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், முழுக் கோப்பையும் வட்டிலோ பென் டிரைவிலோ கேளுங்கள், அடுத்தவர் தன் கணினியில் புரட்டிப் பார்க்க அதுதான் வேண்டும். ஸ்கேன் கடவுள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேப், உள்ளே வைத்த உலோகக் கம்பி, வேரில் அடைத்த பொருள் எல்லாம் படத்தில் கோடு கோடாகச் சிதறல் உண்டாக்கும், அந்தச் சிதறலை விரிசல் என்று படிப்பதும், உண்மையான விரிசலைச் சிதறல் என்று விட்டுவிடுவதும் நடக்கிறது. அதனால்தான் ஸ்கேனை மட்டும் அனுப்பி முடிவு கேட்கிறவர்களுக்கு நான் முடிவு சொல்வதில்லை.

உங்கள் பல் விஷயத்தில் நான் முதலில் தேடுவது எது என்று கேட்டால், தவறவிட்ட கால்வாயைத்தான், அதாவது வேருக்குள் நரம்பு ஓடுகிற மெல்லிய குழாயை. மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர், கால்வாயும் மூன்றே என்று நினைத்துச் செய்வது பழைய வழக்கம். ஆனால் கன்னத்துப் பக்கம் முன்னால் இருக்கும் வேருக்குள் இரண்டாவதாக ஒரு கால்வாய் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருக்கிறது, மயிரிழை அகலம், அது திறக்கும் இடத்தில் ஒரு சின்ன எலும்பு போன்ற மூடி வேறு. உருப்பெருக்கி இல்லாமல் அதைக் கண்டுபிடிப்பது அதிர்ஷ்டம். முதலில் செய்தவர் மீது கோபப்பட வேண்டாம், ஆனால் அந்தக் கால்வாய்க்குள் ஆறு வருடமாகக் கிருமி குடியிருந்தால் மற்ற மூன்றையும் எவ்வளவு அழகாக அடைத்திருந்தாலும் பயனில்லை. அதனால் நிபுணரைத் தேர்ந்தெடுக்கும்போது, நுண்ணோக்கி வைத்து வேலை செய்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். தலையில் மாட்டுகிற லூப் அல்ல, தரையிலோ கூரையிலோ நிற்கிற ஆபரேட்டிங் மைக்ராஸ்கோப். ஏற்கெனவே செய்த ரூட் கெனாலைத் திறந்து மறுபடி செய்வது வாரத்துக்கு எத்தனை என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரைத் தாண்டிப் போங்கள்.

இரண்டாவது கேள்வி, பல்லா சைனஸா. இரண்டும்தான் என்று இருக்க வாய்ப்பு அதிகம். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிக்கும் சைனஸ் குழிக்கும் நடுவே பலருக்குக் காகித கனத்தில்தான் எலும்பு, சிலருக்கு அதுவும் இல்லை. வேர்நுனியில் கசிகிற கிருமி மேலே போய் சைனஸின் உட்சவ்வைத் தடிக்கவைக்கும், சீழ் பிடிக்கவைக்கும். சாதாரண சைனஸ் தொல்லை பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், சளியோடு வரும். ஒரே பக்கம் மட்டும், அதுவும் கெட்ட வாடையோடு, மருந்துக்கு அடங்கி அடங்கி வந்தால் பல்லைப் பார்க்காமல் விடக்கூடாது. மேல்தாடை சைனஸ் தொல்லைகளில் பத்தில் ஒன்று பல்லால் வருவது என்று பழைய புத்தகங்கள் சொல்லும், சிடி எடுத்துப் பார்த்த பிற்கால ஆய்வுகள் சிலவற்றில் இது 40 சதவீதம் வரை போயிருக்கிறது. அமெரிக்க எண்டோடான்டிஸ்டுகளின் சங்கம் 2018-இல் இதற்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது: மூலம் பல் என்றால் முதலில் பல்லைச் சரிசெய்ய வேண்டும், சைனஸை மட்டும் சுத்தம் செய்தால் திரும்ப வரும் என்பது அதன் சாரம். ஆக, காது மூக்கு தொண்டை மருத்துவரை விட்டுவிடச் சொல்லவில்லை. அவர் எடுத்த சைனஸ் சிடி இருந்தால் அதையும் எண்டோடான்டிஸ்டிடம் கொண்டுபோங்கள். பல நேரம் அந்தப் படத்தின் கீழ்விளிம்பில் பல்வேர்கள் தெரியும், ஆனால் ரிப்போர்ட்டில் சைனஸைப் பற்றி நாலு வரி இருக்கும், பல்லைப் பற்றி ஒரு சொல் இருக்காது. பல்லைப் பார்க்கிறவர் மூக்கு வரை போவதில்லை, மூக்கைப் பார்க்கிறவர் பல்லுக்கு இறங்குவதில்லை, நடுவில் அந்தக் காகித எலும்பில் நோயாளி மாட்டிக்கொள்கிறார்.

ஐந்து முறை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டும் ஏன் குணமாகவில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். மாத்திரை ரத்தத்தோடு போகிறது. செத்துப்போன பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை. வேருக்கு வெளியே கசிந்த கிருமியை மருந்து அடிக்கும், வலி குறையும், நீங்களும் மருத்துவரும் சந்தோஷப்படுவீர்கள், உள்ளே இருக்கிற கூட்டம் அப்படியே இருந்துகொண்டு மறுபடி அனுப்பும். 1965-இல் காகெஹாஷி என்பவரும் சகாக்களும் எலிகளின் பல்லைத் துளைத்துக் கூழைத் திறந்தே விட்டுப் பார்த்தார்கள். சாதாரண எலிகளுக்குப் பல் அழுகி வேர்நுனியில் சீழ் வைத்தது, கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கு அதே காயம், உணவுத் துணுக்கு அடைத்துக் கிடந்தும்கூட, ஆறி மேலே புது மூடி கட்டியது. பிரச்சினை கிருமி, கிருமி இருக்கும் இடம் வேருக்குள், அதை அங்கே போய் எடுக்காமல் வேறு வழியில்லை. காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருக்கும்போது ஆன்டிபயாட்டிக் உயிர் காக்கும், மற்ற நேரத்தில் பெரும்பாலும் அது தள்ளிப்போடுதல்தான். ஆனாலும் உங்களுக்கு அந்த ஐந்து முறையும் முழு வீண் என்று சொல்லமாட்டேன். மருந்துக்கு அடங்கியது என்பதே இது வெறும் மனசு சம்பந்தப்பட்டது என்ற பேச்சுக்கு எதிரான ஒரு துப்பு.

துப்புதான், தீர்ப்பு இல்லை. எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். பல்லில் ஒன்றுமே இல்லாமல் பல்வலி வருவது உண்டு. ரூட் கெனால் ஒழுங்காக முடிந்த பிறகும் சுமார் 5 சதவீதம் பேருக்கு ஆறு மாதம் தாண்டியும் வலி இருக்கிறது, அதில் ஒரு பகுதி நரம்பு சம்பந்தப்பட்டது, பல்லில் கிருமி ஏதும் இருக்காது. மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு சில நொடி வெட்டி, முகம் கழுவும்போதோ பல் துலக்கும்போதோ தூண்டப்படுவது முகநரம்பு வலி, அதற்காகப் பல் பல்லாகப் பிடுங்கி வாயைக் காலி செய்துகொண்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். தாடைத் தசை இறுகி மேல் கடைவாயில் வலி காட்டுவதும் சாதாரணம். இந்த வகைகளுக்கு வாய்முக வலி நிபுணர், அல்லது வாய்நோய் மருத்துவம் படித்தவர், சில நேரம் நரம்பியல் மருத்துவர். உங்கள் வாடையும் ஒருபக்க ஒழுக்கும் அந்தத் திசையைக் காட்டவில்லை, ஆனால் எண்டோடான்டிஸ்ட் எல்லாச் சோதனையும் செய்து, ஸ்கேனும் பார்த்து, பல் இல்லை என்று ஆதாரத்தோடு சொன்னால் அதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொல்லத் தெரிந்தவர் கிடைப்பதும் அரிது.

மற்ற நிபுணர்கள் எப்போது? எலும்பே நோய்ப்பட்டிருக்கிறது, பல் எடுத்த இடம் மாதக்கணக்கில் ஆறாமல் எலும்பு வெளியே தெரிகிறது, பெரிய நீர்க்கட்டி, ஸ்கேனில் சைனஸுக்கும் வாய்க்கும் ஓட்டை என்றால் வாய்முகத் தாடை அறுவை நிபுணர். எலும்புத் தேய்வுக்கோ எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கோ சொலெட்ரோனிக் அமிலம், அலென்ட்ரோனேட், டெனோசுமாப் போன்ற மருந்துகள் எடுத்திருந்தால் பல்லில் கைவைப்பதற்கு முன்பே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். இவற்றில் முதல் இரண்டின் வகை மருந்துகளால் தாடை எலும்பு செத்துப்போவது 2003-இல்தான் முதலில் கவனத்துக்கு வந்தது, பல் பிடுங்குவது அதற்கு ஒரு முக்கியத் தூண்டுதல். சர்க்கரை இருந்தால் அதன் மூன்று மாதச் சராசரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கீழுதடோ முகவாயோ காரணமில்லாமல் மரத்துப்போனால், வலியே இல்லாவிட்டாலும், அது பல்சீழ் என்று யாரும் முடிவுகட்ட விடாதீர்கள், எலும்பில் வேறு கெட்ட வளர்ச்சி இருக்கிறதா என்று அவசரமாகப் பார்க்க வேண்டிய அறிகுறி அது. இதற்கு நேர்மாறாக, கீழ் முன்பற்களின் வேரடியில் கறுப்பு நிழல் தெரிந்து, பற்கள் குளிர்ச்சிக்கு நன்றாகவே உணர்ச்சி காட்டினால், அது பெரும்பாலும் எலும்பின் தீங்கற்ற மாற்றம், நிழலைப் பார்த்தவுடன் ரூட் கெனால் செய்தால் நல்ல பல்லைக் கொன்றதுதான் மிச்சம்.

நீண்ட நாள் பதில் கிடைக்காதவர்கள் போய் விழுகிற குழி ஒன்று இருக்கிறது, அதையும் சொல்கிறேன். உடம்பிலுள்ள எல்லா நோய்க்கும் பல்தான் மூலம், ரூட் கெனால் செய்த பல் எல்லாமே விஷம், தாடைக்குள் கண்ணுக்குத் தெரியாத பொந்துகள் இருக்கின்றன, தோண்டி எடுக்கிறேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இது புதிதல்ல. 1910-இல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் மான்ட்ரியலில் ஆற்றிய உரை ஒன்று இந்த எண்ணத்தைப் பரப்பியது, அடுத்த இருபது முப்பது வருடம் மூட்டுவலிக்கும் மனநோய்க்கும்கூட லட்சக்கணக்கில் பற்களைப் பிடுங்கினார்கள். அமெரிக்காவில் ட்ரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்பவர் பைத்தியம் தெளியும் என்று நோயாளிகளின் பற்களையும், பிறகு குடலையும்கூட எடுத்தார். பற்கள் போயின, மூட்டுவலி போகவில்லை. பல்சீழால் இதயத்தின் உட்சவ்வில் கிருமி பிடிப்பது போன்ற ஆபத்துகள் உண்மை, ஆனால் அவை ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் காட்டப்படுகிறவை. எந்தப் பல், என்ன சோதனை என்று கேட்டால் உங்களைச் சந்தேகப்பிராணி என்று திட்டுகிறவரிடம் உங்கள் தாடையைக் கொடுக்காதீர்கள்.

போகும்போது என்ன கொண்டுபோவது? இரண்டு வருடக் கதையை ஒரே பக்கத்தில், தேதி வரிசையில் எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, எந்த மருந்து எத்தனை நாள், எத்தனை நாளில் திரும்பியது, எந்தப் பக்கம் படுத்தால் கூடுகிறது, குனிந்தால் கனக்கிறதா. எல்லா எக்ஸ்ரேயும் மூலக் கோப்பாக. முக்கியமாக, ஆறு வருடத்துக்கு முன் ரூட் கெனால் செய்வதற்கு முன்னால் எடுத்த படத்தையும் கேட்டு வாங்குங்கள், அன்றைக்கே நிழல் இருந்ததா, புதிதாக வந்ததா என்பது பெரிய தகவல். மருத்துவரிடம் "எனக்குப் பல்சீழ்" என்று தொடங்காதீர்கள், எனக்கு இது இது தெரிகிறது என்று மட்டும் சொல்லுங்கள். முடிவைச் சொல்லித் தொடங்கினால் ஒன்று அவர் அதையே பிடித்துக்கொள்வார், இல்லை உங்களோடு சண்டைக்கு வருவார்.

இனி மூன்றாவது கேள்வி, பிடுங்கிவிடலாமா. பல் எது என்று தெரியாமல் கூடாது. இரண்டு பற்களில் எது என்று உறுதியில்லாமல் ஒன்றைப் பிடுங்கி, வலி அப்படியே இருக்க, அடுத்ததையும் பிடுங்குவது நான் அடிக்கடி பார்க்கிற துயரம். தெரிந்துவிட்டது என்றால் வழிகள் மூன்று. பழைய அடைப்பை எடுத்துவிட்டு, தவறிய கால்வாயைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்து மறுபடி அடைப்பது முதல் வழி. அது முடியாத இடத்தில் ஈறைத் திறந்து வேர்நுனியில் சுமார் மூன்று மில்லிமீட்டரை வெட்டியெடுத்து அந்தப் பக்கமிருந்து அடைப்பது, நுண்ணோக்கியோடு செய்தால் நல்ல பலன் தருகிற அறுவை. மேல் கடைவாயில் சைனஸ் பக்கத்திலேயே இருப்பதால் கைதேர்ந்தவர்தான் இதைச் செய்ய வேண்டும். வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால் பெரும்பாலும் மூன்றாவது வழிதான், எடுத்துவிட வேண்டும், அங்கே முழுப் பல்லையும் அப்படியே காப்பாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் உங்கள் காலத்தையும் எலும்பையும் வீணாக்குகிறார்.

அறுவையோ பிடுங்கலோ நடந்தால், வேர்நுனியில் இருந்து எடுத்த சதையைப் பயாப்ஸிக்கு அனுப்புகிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அது வெறும் அழற்சிச் சதையா, நீர்க்கட்டியா என்று எக்ஸ்ரேயால் சொல்ல முடியாது, அரிதாக அது இரண்டுமாக இல்லாமலும் போகும். பிறகு சிகிச்சை முடிந்த மாதமே நிழல் மறையவில்லை என்று பயப்படாதீர்கள். எலும்பு திரும்ப வளர மாதக்கணக்காகும், ஒரு வருடத்தில் ஒரு படம், பாதி ஆறியிருந்தால் நான்கு வருடம் வரைகூடப் பார்த்துக்கொண்டே இருப்போம். வாடையும் ஒரு பக்க மூக்கு ஒழுக்கும் அதற்கு வெகு முன்பே, சில வாரத்தில் இருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள், குறையத் தொடங்க வேண்டும். பல்லுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தும் மூன்று மாதம் கழித்து ஒழுக்கு அப்படியே இருந்தால், அப்போது அந்த ரிப்போர்ட்டுகளோடு திரும்பவும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், சைனஸின் வாய் அடைந்து கிடக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டிய கட்டம் அதுதான்.